லைஃப் கோச்சிடம் போகலாமா? பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் தமிழில் கோச்சிங் செய்து பிழைப்பவள் நான். சிவாஜிநகர், ஹலசூரு, ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், வேலைக்காக ஒயிட்ஃபீல்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வந்து சேர்ந்தவர்கள், ஓசூரில் வீடு வாங்கிவிட்டு நாள்தோறும் அத்திப்பள்ளி தாண்டி வந்துபோகிறவர்கள் என யார் அழைத்தாலும் முதல் தொலைபேசிப் பேச்சில் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்கள் இங்கே. சில பதில்கள் என் வருமானத்துக்கு எதிரானவை, இருக்கட்டும்.

லைஃப் கோச் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார்?

பெரும்பாலும் கேள்வி கேட்கிறார். பேசும்போது நீங்கள் எதைச் சட்டென்று தாண்டிப் போனீர்கள் என்று கவனித்து, அந்த இடத்துக்கே உங்களைத் திரும்ப அழைத்து வருகிறார். ஏதாவது செய்வதாக நீங்கள் முடிவெடுத்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரிடம் என்று நச்சரித்துக் கேட்டு எழுதி வைக்கிறார். அடுத்த முறை வரும்போது அது நடந்ததா என்று விசாரிக்கிறார். அறிவுரை சொல்வது அவருடைய வேலை இல்லை. சொல்லாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான பகுதி, குறிப்பாக நம்மவர்களுக்கு.

இந்த முறை விளையாட்டுத் திடலிலிருந்து வந்தது. 1970களில் டிமோத்தி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர், மட்டையை இப்படிப் பிடி, அப்படித் திருப்பு என்று கட்டளையிடுவதைக் குறைத்துக்கொண்டு, பந்து எங்கே விழுகிறது, எப்படி எழும்புகிறது என்று ஆட்டக்காரரையே கவனிக்க வைத்தார். வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் எதிராளியைவிட, மண்டைக்குள் ஓயாமல் ஓடும் பேச்சுதான் ஆட்டத்தை அதிகம் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இதைப் பிரிட்டனில் நிறுவனங்களுக்குள் கொண்டுவந்தார். இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப்போகிறீர்கள் என்ற நான்கு படிகளை இன்று பல கோச்கள் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகிறார்கள்.

எல்லோரும் சிக்கிக்கொள்வது இரண்டாவது படியில். இலக்கைக் கேட்டால் மடமடவென்று சொல்வார்கள். இப்போது நிலைமை என்ன என்று கேட்டால் அபிப்பிராயம் வரும், விவரம் வராது. ‘எனக்கு நேரமே கிடைப்பதில்லை’ என்பவரிடம், போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து தூங்கும்வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். தன்னைப் பற்றி ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் அவருடைய வாரம் காட்டுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதை அவரே பார்க்கும்படி செய்வதற்குத்தான் எனக்குக் கட்டணம்.

கவுன்சலிங்கும் இதுவும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் நேரும் சேதம் பெரியது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் படிப்பு முடித்து, மனநலத்தில் மேற்படிப்பும் படித்தவர். மருந்து எழுதித் தருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கலாம். லைஃப் கோச்சுக்கு இந்தியாவில் இப்படிச் சட்டப்பூர்வமான பதிவு எதுவும் கிடையாது. நாளைக் காலையில் நீங்களே பலகை எழுதி மாட்டிக்கொள்ளலாம்.

எனவே, இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் சோர்ந்தே இருக்கிறது, தூக்கமோ பசியோ குலைந்துவிட்டது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லை, குடி கட்டுக்குள் இல்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால், இவற்றில் ஒன்று இருந்தாலும் கோச்சிடம் வராதீர்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஓசூர் சாலையில் நிமான்ஸ் என்ற மனநல மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இன்னொன்றும் உண்டு. ‘எனக்குச் சோம்பல் அதிகம், ஊக்கம் வேண்டும்’ என்று வருகிறவர்களிடம் கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள் என்று கேட்பேன். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் மனிதரை அடித்துப்போட்டதுபோல் ஆக்கிவிடும். அதற்கு மாத்திரை இருக்கிறது. என்னிடம் வந்து வாழ்க்கையின் நோக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், நண்பர்கள் இருக்கிறார்கள். பேசுவதற்குக் காசு எதற்கு?

நியாயமான கேள்வி. பலருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. நிதானமாகக் கேட்கக்கூடிய ஒரு சித்தப்பாவோ அக்காவோ வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். முதலில் அவர்களிடம் போங்கள்.

ஆனால் உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ அடையக்கூடியவர் நடுநிலையாகக் கேட்பது கடினம். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கலாமா என்று யோசிக்கும் மகனின் பேச்சை, அவன் சம்பளத்தில் வீட்டுக் கடன் தவணை போகும்போது அப்பாவால் எப்படி அமைதியாகக் கேட்க முடியும்? அவர் பயப்படுவது இயல்பு. நண்பர்களுக்கு வேறு சிக்கல்: உங்கள் பக்கம் நிற்பதுதான் நட்பு என்று நினைப்பார்கள். மேலதிகாரியைத் திட்டினால் கூடச் சேர்ந்து திட்டுவார்கள். அன்று மாலைக்கு அது சுகம். அடுத்த நாள் அதே மேலதிகாரி, அதே நீங்கள்.

என்னை எனக்குத் தெரியாதா? தன்னறிதல் என்று தனியாக என்ன இருக்கிறது?

தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். டாஷா யூரிக் என்ற அமெரிக்க உளவியலாளர், தம் குழுவின் ஆய்வுகளை 2018இல் தொகுத்து எழுதியபோது, தங்களைத் தாங்களே நன்கு அறிந்திருப்பதாகப் பெரும்பாலானோர் நம்பினாலும், உண்மையில் அந்த அளவுகோலை எட்டியவர்கள் 10 முதல் 15 சதவீதத்தினர் மட்டுமே என்று குறிப்பிட்டார். அவர் பிரித்துக் காட்டிய இரண்டு வகைகள் எனக்குப் பயன்படுகின்றன. தன் விருப்பு வெறுப்புகளும் எதிர்வினைகளும் தனக்குத் தெரிந்திருப்பது ஒன்று; பிறர் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்திருப்பது இன்னொன்று. ஒன்றில் தேறியவர் மற்றொன்றிலும் தேறியிருப்பார் என்று சொல்ல முடியாது. வருடக்கணக்கில் தியானம் செய்துவிட்டு, தன் குரல் பக்கத்து மேசைக்காரரை எப்படி நடுங்க வைக்கிறது என்று தெரியாமல் இருப்பவர்கள் உண்டு.

இன்னும் சங்கடமான செய்தி ஒன்று இருக்கிறது. 1977இல் நிஸ்பெட், வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடைக்கு வந்தவர்கள் முன்னால் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒரே சரக்கு. பலர் வலது கோடியில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது நெசவு, மென்மை என்று காரணம் சொன்னார்கள். வைத்திருந்த இடம் காரணம் என்று யாரும் தாமாகச் சொல்லவில்லை. அப்படி இருக்குமோ என்று கேட்டபோதும் ஏறத்தாழ எல்லோரும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணம் தெரியாத இடத்தில் மனம் பொருத்தமான ஒரு காரணத்தைத் தைத்துக் கொடுத்துவிடுகிறது.

ஆகையால் ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்?’ என்று இரவெல்லாம் புரள்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ‘என்ன நடந்தது? அப்போது நான் என்ன செய்தேன்? அடுத்த முறை என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். பதிலுக்கு ஆதாரமும் கேளுங்கள். உங்கள் யு.பி.ஐ. கணக்கின் ஒரு மாதப் பட்டியல், கைப்பேசி காட்டும் திரை நேரம், இரவு பத்து மணிக்கு மேல் நீங்கள் அனுப்பிய அலுவலக மின்னஞ்சல்கள் ஆகிய மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எந்தக் கோச்சும் தர முடியாத அளவு தகவல் கிடைக்கும். ‘குடும்பம்தான் எனக்கு முதல்’ என்று சொல்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார்கள்.

பிறர் என்னைப் பற்றி நினைப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் உண்மையைச் சொல்வார்களா?

கேட்கும் விதத்தைப் பொறுத்தது. ‘நான் எப்படி?’ என்று கேட்டால், ‘உனக்கென்ன, நல்லவன்தான்’ என்று பதில் வரும். ‘எந்த நேரத்தில் என்னோடு வேலை செய்வது உங்களுக்குச் சிரமமாக இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் ஒருவர், வீட்டில் ஒருவர், உங்களைப் பல வருடங்களாகத் தெரிந்த நண்பர் ஒருவர் என மூவரைத் தனித்தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது விளக்கம் கொடுக்கக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது. நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். விளக்க ஆரம்பித்தீர்கள் என்றால் அவர் அடுத்த முறை உண்மை சொல்லமாட்டார்.

அம்மாவை அந்த மூவரில் சேர்க்காதீர்கள். சில அம்மாக்களுக்குப் பிள்ளையிடம் குறையே தெரியாது. மற்ற அம்மாக்கள் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள்.

ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இருவர் 1955இல் வரைந்த நான்கு கட்டங்களைப் பயிற்சி வகுப்புகளில் பலர் பார்த்திருப்பீர்கள்: எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது, இருவருக்குமே தெரியாதது. வகுப்பில் அதை வரைந்து காட்டிவிட்டுத் தேநீர் இடைவேளைக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது கட்டத்தை நிரப்பும் வேலை மேலே சொன்ன மூன்று உரையாடல்களில்தான் நடக்கும்.

நல்ல எஞ்சினியராக இருந்தேன். மேனேஜர் ஆனதிலிருந்து எல்லாம் சொதப்புகிறது. கோச்சிங் உதவுமா?

பெங்களூரில் கோச்களுக்குச் சோறு போடுவதே இந்தக் கேள்விதான். பலரிடம் கேட்டதைச் சேர்த்து ஒரே ஆளாக்கிச் சொல்கிறேன்.

முப்பத்தைந்து வயது, கோயம்புத்தூர்ப் பக்கம், சொந்த முயற்சியில் படித்து முன்னுக்கு வந்தவர். அவர் எழுதிய நிரலில் பிழை காண்பது அரிது. பதவி உயர்வு வருகிறது, எட்டுப் பேர் அவருக்குக் கீழே. மாலை ஏழு மணிக்கு அவர்கள் எழுதியதைப் படிக்கிறார், பொறுக்கவில்லை, இரவு உட்கார்ந்து தாமே திருத்தி எழுதிவிடுகிறார். மூன்று மாதத்தில் எட்டுப் பேரும் அரைகுறையாக எழுதப் பழகிவிடுகிறார்கள், எப்படியும் அவர் திருத்தப் போகிறாரே! அவரோ, ‘என் குழுவில் யாருக்கும் பொறுப்பில்லை’ என்று என்னிடம் வருகிறார்.

அவரிடம் ‘உங்கள் குழு பொறுப்பானதுதான்’ என்று நான் வாதாடினால் தோற்றுப்போவேன். ஒரு வாரம் மட்டும் ஒரு குறிப்பு எழுதச் சொல்வேன்: எப்போது மற்றவரின் வேலையைக் கையில் எடுத்தீர்கள், அதற்கு ஒரு நிமிடம் முன்பு உடம்பில் என்ன தெரிந்தது, எடுக்காமல் விட்டிருந்தால் நடந்திருக்கக்கூடிய மோசமான விளைவு என்ன. வாரக் கடைசியில் பட்டியலைப் பார்த்தால், மோசமான விளைவு என்ற இடத்தில் பெரும்பாலும் ‘வாடிக்கையாளருக்கு ஒரு நாள் தாமதம்’ என்றுதான் இருக்கும். உடம்பு என்ற இடத்தில் தாடை இறுக்கம், தோள் வலி. ‘நான் செய்யாவிட்டால் நான் எதற்கு?’ என்ற கேள்வி அப்போதுதான் அவர் வாயிலிருந்தே வரும். இத்தனை வருடம் வேலையின் தரத்தை வைத்தே தன்னை மதிப்பிட்டுக்கொண்டவருக்கு, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது வேலையாகவே தோன்றவில்லை.

அதன்பின் செய்வது மிகச் சிறியது. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990களில் விரிவாக ஆராய்ந்த முறை அது: ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. வெறும் தீர்மானத்தைவிட இப்படி எழுதி வைத்தது நிறைவேறும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘ஏழு மணிக்குப் பிழையைப் பார்த்தால், அதன் அருகே ஒரு கேள்வி எழுதிவிட்டு மடிக்கணினியை மூடுவேன்.’ இவ்வளவுதான் ஒப்பந்தம். முதல் வாரம் மூச்சு முட்டும். இரண்டு மாதத்தில் எட்டுப் பேரில் ஐந்து பேராவது நிமிர்வார்கள். மீதி மூன்று பேருக்கு உண்மையிலேயே பொறுப்பு இல்லாமலும் இருக்கலாம்; அது வேறு பேச்சு.

கம்பெனியே கோச்சை ஏற்பாடு செய்து தருகிறது. அவரிடம் மனம் திறந்து பேசலாமா?

முதல் அமர்வுக்கு முன்பே மூன்று பேரும் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்: நீங்கள், கோச், மனிதவளத் துறை. எது கம்பெனிக்குப் போகும், எது போகாது என்று எழுத்தில் வாங்குங்கள். வழக்கமாக, வந்தார்களா, எத்தனை அமர்வு முடிந்தது, ஒப்புக்கொண்ட இலக்கு என்ன என்பது வரை போகும், பேசியது போகாது. இதை எழுதித் தரத் தயங்கும் கோச்சிடம் வேலை மாறும் திட்டத்தைச் சொல்லாதீர்கள்.

தமிழில்தான் பேச வேண்டுமா? ஆங்கிலம் போதாதா?

எந்த மொழியில் நீங்கள் சண்டை போடுவீர்களோ அந்த மொழியில் பேசுங்கள். அலுவலக விஷயத்தை ஆங்கிலத்தில் தெளிவாக, உணர்ச்சியில்லாமல் சொல்லிக்கொண்டு வருகிறவர், அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் தமிழுக்கு மாறுவார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் சிலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, கோபம் கன்னடத்தில் வரும். எதுவானாலும் சரி, நடுவில் மாறிக்கொள்ளலாம்.

இங்கே வளர்ந்த தமிழர்களிடம் ஒன்றைக் கவனிக்கிறேன். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையையொட்டி இந்த ஊரில் தமிழர்கள் தாக்கப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் வீடுகளில், ‘வெளியில் சத்தமாகப் பேசாதே’ என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இன்று ‘கூட்டங்களில் எனக்கு வாய் திறக்க வரவில்லை’ என்று வந்து, காரணம் அதுதான் என்கிறார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், காலுறைக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வரலாற்றை மதிக்கிறேன், ஆனால் அமர்வு அங்கேயே தங்கிவிட்டால் வரும் வியாழக்கிழமைக் கூட்டத்திலும் அவர் பேசாமல்தான் திரும்புவார். பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வியாவது கேட்பது என்று எழுதி வைத்துக்கொண்டு போகட்டும்.

ஆளுமைத் தேர்வு, கைரேகைத் தேர்வு இவற்றை நம்பலாமா?

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தம் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு தாளில் முடிவைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு, பெரும்பகுதி ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது. ‘வெளியே உறுதியானவராகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுபவர்’ என்ற வகையான வாக்கியங்கள் யாருக்குத்தான் பொருந்தாது?

மனிதர்களை நான்கெழுத்து வகைகளாகப் பிரிக்கும் பிரபலமான தேர்வில், சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வருகிறது. உரையாடலைத் தொடங்கி வைக்க அது உதவலாம், அவ்வளவுதான். ஆளை ஒரு வகைக்குள் அடைக்காமல், ‘பிக் ஃபைவ்’ எனப்படும் ஐந்து பெரும் பண்புகளை அளவாகக் காட்டும் தேர்வுகளுக்கு ஆய்வு ஆதரவு அதிகம். விரல்ரேகையை வைத்துக் குழந்தையின் மூளையைப் படிப்பதாகச் சொல்லி அடுக்ககங்களில் விற்கிறார்களே, அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தில் குழந்தையை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

நல்ல கோச்சை எப்படி அடையாளம் காண்பது? கட்டணம் எவ்வளவு?

பரவலாக அறியப்பட்ட சான்றிதழ், 1995இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு வழங்குவது. அதில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலைக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்ததற்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். மூன்றாவதற்கு 200, 2,500. வார இறுதி ஒன்றில் ‘மாஸ்டர்’ ஆனவர்களையும் இவர்களையும் பிரித்தறிய இந்த எண்கள் போதும். சான்றிதழ் இல்லாத நல்லவர்களும் இருக்கிறார்கள், சான்றிதழ் வைத்திருக்கும் வாயாடிகளும் இருக்கிறார்கள். எனவே முதல் பேச்சில் யார் அதிகம் பேசினார் என்று பாருங்கள். கோச் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

கட்டணத்துக்கு வரையறை இல்லை. ஓர் அமர்வுக்குச் சில நூறு வாங்குபவரும் உண்டு, பல ஆயிரம் வாங்குபவரும் உண்டு. வருடம் முழுவதற்கும் இன்றே மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்பவரிடம் கட்டாதீர்கள். ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், ரசீது கேளுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமே இல்லை.

‘நினைத்தால் நடக்கும், பிரபஞ்சம் கொடுக்கும்’ என்று சொல்லும் கோச்கள் பற்றி?

அவர்களிடம் கட்டணத்தையும் பிரபஞ்சத்திடமே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

21 நாளில் பழக்கம் மாறிவிடும் என்கிறார்களே?

அந்த எண், 1960இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அழகுசிகிச்சை நிபுணர் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. சிகிச்சைக்குப் பிறகு புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்தார். ‘குறைந்தது’ என்பது வழியில் உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். இது தெரிந்திருந்தால் 22ஆம் நாள் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியிராது.

என் மகனுக்கு 17 வயது. படிப்பில் நாட்டமில்லை. அனுப்பி வைக்கட்டுமா?

அவன் கேட்டானா? கேட்டிருந்தால் வரட்டும். நீங்கள் கேட்கிறீர்கள் என்றால் நீங்கள் வாருங்கள். கணவரை அனுப்பி வைக்க விரும்பும் மனைவியருக்கும், மனைவியைத் ‘திருத்த’ விரும்பும் கணவர்களுக்கும் இதே பதில்.

காசு செலவழிக்காமல் நானே செய்துகொள்ளக்கூடியது எது?

மேலே சொன்ன வாரக் குறிப்பு, மூன்று உரையாடல்கள், ‘நடந்தால் செய்வேன்’ வாக்கியம் ஆகியவையே போதுமான வேலை. மனதில் ஒரு பழைய பாரம் அழுத்திக்கொண்டிருந்தால், ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட முறையைச் செய்து பார்க்கலாம்: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், பிழை பற்றிக் கவலைப்படாமல், யாரிடமும் காட்டாமல் அதைப் பற்றி எழுதுவது. எழுதிய உடனே பலருக்கு மனம் இன்னும் கனக்கும், அது எதிர்பார்க்கக்கூடியதே. பலன் சில வாரங்கள் கழித்துத்தான் தெரிகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. சமீபத்தில் நடந்த கொடிய நிகழ்வைத் தனியாக உட்கார்ந்து எழுதத் தொடங்காதீர்கள்; அதற்கு மனநல நிபுணர் பக்கத்தில் இருக்கட்டும்.

எவ்வளவு காலம் போக வேண்டும்?

ஒரு குறிப்பிட்ட இலக்குக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என மூன்று முதல் ஆறு மாதம் வைத்துக்கொள்வது வழக்கம். தொடங்கும்போதே, எதைப் பார்த்தால் முடிந்தது என்று எடுத்துக்கொள்வோம் என்று எழுதிவிடுங்கள். கோச்சைக் கேட்காமல் முடிவெடுக்க முடியவில்லை என்ற நிலை வந்தால் அன்றே நிறுத்துங்கள். தொடரச் சொல்லி கோச் வற்புறுத்தினால், அந்தத் தேவை உங்களுடையது அல்ல, அவருடையது.

வீட்டிலிருந்தே காணொளியில் பேசலாமா?

பேசலாம், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று எரிச்சலோடு வருவதைவிட நல்லது. ஆனால் இரண்டு படுக்கையறை வீட்டில், மாமியார் வரவேற்பறையில் இருக்க, கதவைச் சாத்திக்கொண்டு மாமியாரைப் பற்றிப் பேச முடியாது. என்னிடம் பேசுகிறவர்கள் அடுக்ககத்தின் வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. இரண்டாம் அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காது. காரை மேலே கொண்டுவந்து, சார்ஜரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.